டாங்கோ விருந்தும் நடு உத்திரமும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு ஒரு கடதாசி வந்தது. வாவிக் கரையில் இருக்கிற ஒல்லாந்தர் காலத்து மாடிக் கட்டிடத்தில் பட்டாளத்துக்காரர்கள் நடனம் வைக்கப் போகிறார்களாம். மேல்தளம் பாரம் தாங்கும் என்று மராமத்து ஓவசியர் அத்தாட்சி கொடுக்க வேண்டும். ஓவசியர் நான்தான். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் வசதியாகப் பென்சிலால் ஒரு புள்ளடிக் குறியும் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு ஓர் உளியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். பலகை பலகையாகத் தட்டினேன். உத்திரம் உத்திரமாகக் குத்திப் பார்த்தேன். கூட வந்த பியூன் முதலில் நின்றான், பிறகு உட்கார்ந்தான், கடைசியில் சலித்துப்போய், "ஒரு கையெழுத்துக்கு ஏன் ஐயா இவ்வளவு பாடு?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். அந்த உத்திரங்கள் எல்லாம் புதியவை. ஒன்பது வருஷத்துக்கு முன் பக்கத்தில் நின்று போடுவித்தவனே நான்தான். அப்படியும் இன்னொரு முறை முதலிலிருந்து குத்திப் பார்க்கத் தொடங்கினேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் போன மாதம் எழுதியிருந்தார். "உம்முடைய இலங்கைக் குறிப்புகளில் எல்லாரும் தப்புச் செய்கிறார்கள், நீர் மட்டும் செய்வதே இல்லை, அந்த ஊர்த் தண்ணீர் அப்படியா?" என்று கேலி. ஐயா, தண்ணீரில் ஒன்றும் இல்லை. எழுதுகிறவன் நான் என்பதால் எனக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை மற்றதை எழுதுகிறேன். ஏறிப் பார்க்காத ஒரு தளத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு கூட்டத்தையே ஆட விட்டவன் நான். அந்தக் கூட்டத்தின் நடுவில் என் மகளும் இருந்தாள்.

2

நான் இங்கே வந்து முப்பத்திரண்டு வருஷம். வந்த நாளிலிருந்து வெகு காலம் அலுவலகத்தில் என் பெயருக்கு எதிரே 'தற்காலிகம்' என்று ஒரு சொல் இருந்தது. வருஷா வருஷம் ஒரு படிவம் வரும். பிறந்த ஊர், தகப்பன் பெயர், எப்போது திரும்பிப் போவதாக உத்தேசம்? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு வருஷமும் 'உத்தேசம் இல்லை' என்று எழுதுவேன். அடுத்த வருஷமும் அதே கேள்வி வரும். இந்தியாக்காரர்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. படிவம் வருகிற மாதத்தில் எனக்குச் சோறு இறங்காது.

கல்யாணம் இங்கேதான். இங்கே வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். ஆகவே நாட்டிலும் விருந்தாளி, வீட்டிலும் விருந்தாளி. என் மனைவி பாக்கியம் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாகத்தான் எடுத்ததற்கெல்லாம் ரோஷப்பட்டுக்கொண்டேன்.

மகள் நேசம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். என்னிடம் தமிழில் பேசுவாள், ஆனால் என் தமிழில் அல்ல. நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'ஏளா' என்று கூப்பிட்டால் அவளுடைய தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "அப்பா, அவளுகள் நிக்கக்குள்ள அப்படிக் கூப்பிடாதீங்க" என்பாள். ஆர்மோனியம், பியானோ இரண்டும் நன்றாக வாசிப்பாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். என் ஆங்கிலமோ கடதாசியில் ஒழுங்காக நிற்கும், வாய்க்கு வந்தால் காலை வாரிவிடும்.

எனக்கு இருந்த ஒரே திமிர் கணக்கு. பாளையங்கோட்டையில் ஓவசியர் பரீட்சை எழுதியபோது, ஒரு மரத்தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒரு கணக்கு வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன். பரீட்சை அறைச் சுவரில் மழைநீர் இறங்கிக் காரை பெயர்ந்திருந்ததும், அதன் அடியிலேயே உட்கார்ந்து கட்டிடங்களின் உறுதியைப் பற்றி மூன்று மணி நேரம் எழுதியதும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அண்ணாந்து பார்த்தவன் எங்களில் ஒருவனும் இல்லை.

3

ஒன்பது வருஷத்துக்கு முன் ஊர்த் துரைமார் கிளப்புக்காரர்கள் வாவிக் கரைக் கட்டிடத்தின் மேல்மாடியைக் கூடமாக மாற்றினார்கள். அதுவரை மேலும் கீழும் நெல் களஞ்சியம். குத்தகைக்கு வைத்திருந்தவர் ஏறாவூர் ஆதம்பாவா காக்கா என்ற நெல் வியாபாரி; இங்கே முஸ்லிம்களை மரியாதையாகக் காக்கா, அதாவது அண்ணன், என்பார்கள். மேல்மாடியை மட்டும் காலி செய்து கொடுத்துவிட்டுக் கீழே தன் மூட்டைகளோடு இருந்தார். கூடத்தைப் பொதுக் காரியத்துக்குத் திறக்க அத்தாட்சி வேண்டும். அதற்கு நான் போனேன்.

போன நேரம் உச்சி வெயில். மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. திறப்பு, நம் ஊர்ச் சாவி, கிளப்புக் காரியதரிசியிடம். அவர் தென்னந்தோட்டத் துரை. அன்றைக்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் வரலாம் என்றால் மறுநாள் எனக்கு வவுணதீவுப் பக்கம் மதகு வேலை. கீழே தராசடியில் இருந்த ஆதம்பாவா காக்காவிடம் கேட்டேன்.

"மேலே எத்தனை மூட்டை அடுக்குவீங்க?"

"வெள்ளாமை நல்லா வந்த வருசம் முந்நூறு மூட்டை போகும் ஐயா."

இந்த ஊரில் எதையும் நெல்லால்தான் அளப்பார்கள். ஒரு தோணி எவ்வளவு பெரியது என்று கேட்டால் எத்தனை மூட்டை ஏற்றும் என்று பதில் வரும். வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். அன்றைக்கு நானும் அப்படியே அளந்தேன். முந்நூறு மூட்டையின் எடை. நூறு விருந்தாளிகளின் எடை. மேசை, நாற்காலி, பியானோ. தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். மூட்டைகளின் பக்கம் எங்கேயோ உயரத்தில் நின்றது. 'நேரில் பரிசோதித்தேன், உறுதியாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது மனம் உறுத்தியதா என்றால் இல்லை. வெயிலிலிருந்து தப்பியதுதான் பெரிதாகப் பட்டது.

4

கூடம் திறந்த இரண்டாம் மாதம் டாங்கோ வந்தது. ஓர் ஆணும் பெண்ணும், தென்னமெரிக்காவிலிருந்து நேரே வந்தவர்கள் என்று நோட்டீஸ் போட்டிருந்தது. அந்த ஆள் கோவாக்காரன்தான் என்று கிளப்புச் சமையல்காரர் அடித்துச் சொன்னார். எப்படியானாலும் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு பதார்த்தம் பரிமாறுவதும் ஒரு நடனம் ஆடுவதுமாக விருந்து நடக்கும். கடைசி நடனத்தில் விருந்தாளிகளும் சேரலாம். வயலினும் மண்டலினும் வாசிக்க ஊர்ப் பறங்கி வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். பியானோக்காரருக்குத்தான் வந்த இடத்தில் காய்ச்சல் கண்டுவிட்டது.

நேசத்தைக் கேட்டு ஆள் வந்தது. அவள் என் முன்னால் வந்து நின்று, "அப்பா, நான் போகட்டா?" என்று கேட்டாள். அந்த நாளில் எதற்கும் அப்படித்தான் கேட்பாள். தலையைக் குனிந்து, கைகளைப் பின்னால் கட்டி.

"குடிக்கிற இடத்திலயா? கட்டிப் பிடிச்சு ஆடுற இடத்திலயா? போவக் கூடாது."

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. பாக்கியம் சாப்பாட்டை வைத்துவிட்டு, "அந்தப் புள்ள ஆடவா போறாள்? வாசிக்கத்தானே போறாள்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு காரியதரிசித் துரையே அலுவலகத்துக்கு வந்து கேட்டார். படிவம் வருகிற மாதம் அது. சம்மதித்தேன். ஆனால் என் அதிகாரத்தைக் காட்ட ஒரு நிபந்தனை போட்டேன். விருந்தாளிகள் கண்ணில் அவள் படக் கூடாது.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. சுவரோரம் இருந்த பியானோவைக் கூடத்தின் நடுப்பக்கமாக இழுத்து, அதன் முதுகை மேசைகளுக்குக் காட்டித் திருப்பி வைத்தார்கள். அந்த மறைவில் அவள் உட்கார்ந்தாள். நான் தகப்பன் என்பதை நிலைநாட்டியாகிவிட்டது என்று எனக்குப் பரம திருப்தி.

5

ஆறரை மணிக்கு விருந்து தொடங்கிற்று. நான் அழைக்கப்பட்டவன் அல்ல. மகளைக் கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவன். ஆகவே மாடிப்படியின் அடியில், களஞ்சிய வாசலில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஆதம்பாவா காக்கா பூட்டுவதற்கு முன் ஒரு அரிக்கன் விளக்கோடு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓவசியர் ஐயா, மேல என்ன நடக்குது?"

"டாங்கோ."

"அதென்ன சாமான்?"

"ஆணும் பொண்ணும் சேர்ந்து நடக்கது."

"நடக்கிறதுக்கா இவ்வளவு சத்தம்?"

இரண்டு பேரும் சிரித்தோம். மேலே மெதுவான நடை, நிற்பது, சட்டென்று ஒரு மிதி. மறுபடி நடை. நேசத்தின் கை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நொடி முன்னால் அவள் வாசிப்பைப் பிடித்து நிறுத்துவாள். பெருமையாகத்தான் இருந்தது.

காக்கா தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு விளக்கை மேலே தூக்கினார். மிதி விழும்போதெல்லாம் பலகை இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய தூள் இறங்கி மூட்டைகளின்மேல் படிந்தது. மூட்டையைத் தடவி, விரலை விளக்கருகே கொண்டுபோனார். சிரிப்பு போய்விட்டது.

"இது நெல்லுத் தூசி இல்ல ஐயா. செல் அரிச்ச தூள். எங்க ஆடுறாங்க, சுவரோரமாவா நடுவுலயா?"

"நடுவிலதான். மேசையெல்லாம்தான் சுவரோரம்."

"யா அல்லாஹ்! நடுவுல நாங்க ஒரு மூட்டையும் வெச்சதில்லயே. நடு உத்திரம் சரியில்ல எண்டு எங்கட வாப்பாட காலத்துலயே சுவரோரமாத்தான் அடுக்கிற. நடுவால ஆள் நடக்கிற பாதை மட்டும்தான்."

"அன்னைக்கு ஏன்யா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க எத்தனை எண்டுதானே கேட்டீங்க? எங்க எண்டு கேக்கல்லயே."

படியில் ஏறினேன். ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. பாதிப் படியில் நின்றேன். இன்னும் ஒரு நடனந்தான் பாக்கி, இவ்வளவு நேரம் தாங்கியது அதையும் தாங்காதா என்று ஒரு நினைப்பு. வாயைத் திறந்தால் பொய்க் கையெழுத்து வெளியே வரும், படிவத்தில் 'நீக்கம்' என்று எழுதுவார்கள், கப்பலேற வேண்டியதுதான் என்று இன்னொரு நினைப்பு. என் மகள் அந்தத் தளத்தின் நடுவில் இருக்கிறாள் என்பது மூன்றாவதாகத்தான் வந்தது. இந்த வரிசையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேலே காரியதரிசித் துரை கையைத் தட்டி, எல்லா ஜோடிகளும் நடுவுக்கு வரலாம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. சீமாட்டிகள் எழுந்துவிட்டார்கள். நான் துரையின் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். 'உத்திரம்' என்பதற்கு ஆங்கிலச் சொல் தினமும் எழுதுகிற சொல். வரவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ கையெழுத்துப் போட்ட தளம்தானே இது?" என்றார். அதோடு எனக்கு இருந்த ஆங்கிலமும் போய்விட்டது.

துரை பியானோப் பக்கம் திரும்பி, "உன் தகப்பன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். நேசம் எழுந்து நின்றாள்.

நான் அவளைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். இந்த வார்த்தைகளில் ஒன்றையும் நான் மாற்றவில்லை: "ஏளா, நான் மேல ஏறிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். நடு உத்திரம் செல்லரிச்சுப் போச்சு. எல்லாரையும் சுவரோரமா இறங்கச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். பிறகு துரையின் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என் தகப்பனார் இன்று மாலை கீழிருந்து தளத்தைத் தாமே மறுபடி பரிசோதித்தார். முன்பு பார்த்தபோது நன்றாக இருந்த நடு உத்திரம் இப்போது பழுதாகியிருக்கிறது. யாரும் நடுவில் கால் வைக்க வேண்டாம். சுவரோரமாக, இரண்டிரண்டு பேராக, உடனே இறங்க வேண்டும்."

எனக்கு ஆங்கிலம் பேசத்தான் வராது, கேட்டால் புரியும். அவள் எதை விட்டாள், எதைச் சேர்த்தாள் என்று முழுக்கப் புரிந்தது. திருத்தியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

துரையின் முகம் மாறிற்று. கூட்டம் நகர்ந்தது. பட்டுப் பாவாடைகள் சுவரில் உரச, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சூப்பும் நண்டும் மேசையில் கிடக்க, இறங்கினார்கள். டாங்கோக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கீழே காக்காவின் குரல்: "ஓடாதீங்க! மெள்ள, மெள்ள!"

கடைசியில் நேசம். என் நிபந்தனையால் அவள்தான் எல்லாரையும்விட நடுவில் இருந்தாள். சுவருக்கு ஏழெட்டு அடி தூரம். "குனிஞ்சு, உட்கார்ந்துக்கிட்டே நகர்ந்து வா" என்றேன். உட்கார்ந்து, கையை ஊன்றி, பலகை பலகையாக நகர்ந்தாள். ஒவ்வொரு பலகையும் முனகியது. அவள் கை என் கைக்கு எட்டியதும் இழுத்துச் சுவரோடு அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் படிவாசலை அடைவதற்குள் பியானோவின் ஒரு கால் பலகையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. அதன் அத்தனை சுரக்கட்டைகளும் ஒரே நேரத்தில் அலறின. அந்தச் சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

6

மறுநாள் ஓடாவி, அதாவது இந்த ஊர்த் தச்சர், நடு உத்திரத்தில் உளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மாதா கோயிலில் எனக்காகத் தோத்திரம் சொன்னார்கள். துரை அலுவலகத்துக்கே பாராட்டி எழுதினார்.

மேலதிகாரி எழுத்தில் அறிக்கை கேட்டார். எப்போது பரிசோதித்தீர், எப்போது பழுதைக் கண்டீர்? நான் வீட்டில் உட்கார்ந்து உண்மையை எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதியிருப்பேன். நேசம் பின்னால் நின்று படித்தாள்.

"அப்பா, நான் சொன்னதை எழுதுங்க."

"அது பொய் இல்லையா?"

"உண்மையை எழுதினா, மறுகா நான் அத்தனை பேருக்கு முன்னால பொய் சொன்னவள் எண்டு ஆகும். அதுவா உங்களுக்கு வேணும்?"

தாளைக் கிழித்துப் போட்டு, அவள் சொன்னதை எழுதினேன். மகளுக்காகத்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த படிவத்தில் 'தற்காலிகம்' என்ற சொல் இல்லை. அதைப் பார்த்தபோது மகிழ்ச்சிதான் வந்தது, ஒளிப்பானேன்.

அன்று முதல் நேசம் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. சண்டையில்லை, மரியாதைக் குறைவில்லை. "நாளைக்குத் தட்டெழுத்து வகுப்புக்குப் போறன் அப்பா" என்பாள். "கொழும்புக்குப் பரீட்சை எழுதப் போறன்." யுத்தம் வந்த பிறகு, "திருகோணமலையில வேலை கிடைச்சிருக்கு, திங்கக்கிழமை போறன்." எல்லாம் தகவல்கள். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

ஆனால் ஒரு நினைப்பை வைத்துத்தான் நான் அத்தனையும் தாங்கினேன். என் தமிழைக் கேட்டு வெட்கப்பட்ட பெண், நெருக்கடி வந்தபோது தகப்பனைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்காகப் பொய் சொன்னாள். எவ்வளவு விலகிப் போனாலும் அந்த ஒரு நிமிஷத்தில் என்னோடு இருந்தாள். ஒன்பது வருஷமாக நான் தனியே எடுத்துப் பார்த்து ஆறுதல் அடைந்தது அந்த நிமிஷத்தைத்தான்.

7

இதுவரை எழுதியதை முந்தாநாள் முடித்தேன். நேசம் லீவில் வந்திருக்கிறாள். அவள் பெயரும் கலந்த விஷயம், அச்சில் வரப்போகிறது. அவளைக் கேட்காமல் அனுப்புவது சரியல்ல. தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். நான் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"எல்லாம் சரி. உங்கட பேருக்கும் என்ட பேருக்கும் ஒண்டும் ஆகாது, அனுப்புங்க" என்றாள். பிறகு கடைசித் தாளைத் தனியே எடுத்து என்னிடம் காட்டினாள்.

"இது மட்டும் பிழை அப்பா. நான் உங்களைக் காப்பாத்த அப்படிச் சொல்லல்ல."

"பின்ன?"

"பார்க்காமக் கையெழுத்துப் போட்டன் எண்டு சொல்ற ஆள்ட பேச்சைக் கேட்டு, ஆரப்பா சாப்பாட்டை விட்டுட்டு எழும்புவாங்க? திரும்ப விசாரிப்பாங்க, சிரிப்பாங்க, ஆடியும் முடிச்சிருப்பாங்க. அந்த நேரம் அவங்களுக்கு நம்பக்கூடிய ஓவசியர் ஒருத்தர் வேணும். அங்க அப்படி ஒருத்தர் இல்ல. அதனாலதான் நான் ஒருத்தரை உண்டாக்கினன்."

முற்றத்து மணலிலேயே உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாள்களை அடுக்கி என் மடியில் வைத்தாள்.

"இதையும் எழுதிப்போட்டு அனுப்புங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.